அப்பாவின் போனுக்கு எந்த பிரவுசர்?

போன வருடம் ஒரு மதியம் அப்பாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, 25 ரூபாய் கட்டினால் மறுபடி கொண்டுவருவோம் என்று. கீழே ஒரு லிங்க். அப்பா தொட்டார், பக்கம் திறந்தது, கார்டு எண்ணைக் கேட்டது. கார்டில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கவே கண்ணாடியைத் தேடி எழுந்து போனார். அந்த நேரத்தில் அம்மா எனக்கு போன் போட்டு, "உங்கப்பா ஏதோ பார்சலுக்குப் பணம் கட்டிட்டிருக்கார், நீ ஏதாவது ஆர்டர் போட்டியா?" என்று கேட்டார். பணம் தப்பியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதே லிங்கை அதே போனில் திறந்து பார்த்தேன். செய்யக் கூடாத காரியம்தான், ஆனால் ஆர்வம் விடவில்லை. முழுத்திரையும் சிவப்பு. ஆபத்தான தளம், திரும்பிப் போங்கள் என்று எச்சரிக்கை. மதியம் வாயே திறக்காத பிரவுசர் சாயங்காலம் ஊரைக் கூட்டுகிறது.

வேறு பிரவுசர் இருந்திருந்தால் மதியமே தடுத்திருக்குமா? வீட்டில் நாலு பேர், ஆளுக்கொரு போன், மாமாவின் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் நான்தான் ரிப்பேர்காரன் என்பதால் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

பிரவுசர் பல, பட்டியல் சில

ஃபிஷிங் என்பது இப்படிப் போலித் தளம் காட்டித் தகவல் பிடுங்கும் மோசடி. அதற்கான தடுப்பு பெரிய பிரவுசர்களுக்குள் வந்தது 2006 அக்டோபரில். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7, ஃபயர்ஃபாக்ஸ் 2 இரண்டும் ஒரே வார இடைவெளியில் அந்த வசதியோடு வெளியாயின. இன்று கடையில் கிடைக்கும் பிரவுசர்களின் பெயர்கள் ஏராளம். ஆனால் 'இது மோசடித் தளமா?' என்ற கேள்விக்குப் பதில் வரும் இடங்கள் மிகக் கொஞ்சம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, பிரேவ், விவால்டி எல்லாம் கேட்பது கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலை. எட்ஜ் கேட்பது மைக்ரோசாஃப்ட்டின் ஸ்மார்ட்ஸ்கிரீனை. டக்டக்கோ நெட்கிராஃப்ட் என்ற நிறுவனத்தின் பட்டியலை வைத்துக்கொள்கிறது. பிராந்தியம் சீனா என்று செட் செய்த ஐபோன்களில் சஃபாரி டென்சென்ட் என்ற சீன நிறுவனத்தைக் கேட்கும். அவ்வளவுதான்.

ஆக, குரோமை விட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுகிறவர் குடத்தை மாற்றுகிறார், கிணறு அதேதான். வித்தியாசம் வருவது வேறு இரண்டு இடங்களில். பட்டியலை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறது, அதற்கு நம்மைப் பற்றி எவ்வளவு சொல்கிறது.

பழைய முறையில் கூகுள் தன் பட்டியலைச் சுருக்கி போனுக்கே அனுப்பிவிடும். முகவரிகளாக அனுப்பாது. ஒவ்வொரு முகவரியையும் கணக்குப் போட்டு நீளமான ஓர் எண்ணாக்கி, அதன் முதல் 4 பைட்டை மட்டும் அனுப்பும். நாம் போகும் தளத்தின் எண்ணும் அதோடு பொருந்தினால்தான் பிரவுசர் கூகுளிடம் மேற்கொண்டு விசாரிக்கும். பொருந்தாவிட்டால் கூகுளுக்கு ஒன்றும் தெரியாது. அழகான ஏற்பாடு. ஒரே குறை, பட்டியல் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ பழையதாக இருக்கும்.

அரை மணி நேரத்தில் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். 2024 மார்ச்சில் கூகுளே சொன்ன கணக்கு இது: ஒரு மோசடித் தளத்தின் சராசரி ஆயுள் 10 நிமிடத்துக்கும் குறைவு. போலீஸ் வண்டி வருவதற்குள் கடையை மூடிவிட்டு அடுத்த தெருவில் விரிக்கிற கதை. அதனால் அப்போதிலிருந்து குரோமின் சாதாரணப் பாதுகாப்பே உடனுக்குடன் சர்வரைக் கேட்கும்படி மாற்றப்பட்டது. கேள்வி ஃபாஸ்ட்லி என்ற இன்னொரு நிறுவனத்தின் வழியாகப் போவதால், கேட்டது யார் என்பது கூகுளுக்குத் தெரியாது. இதனால் 25 சதவீதம் கூடுதலாக ஃபிஷிங் முயற்சிகள் மாட்டும் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார்கள். சொன்னது கூகுள்தான், கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை சரியானது.

ஃபயர்ஃபாக்ஸ் அரை மணிக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கும் முறையிலேயே நிற்கிறது. சஃபாரியும் பட்டியல் முறைதான், ஆனால் 2021இல் வந்த ஐஓஎஸ் 14.5 முதல் கூகுளுக்குப் போகும் கேள்விகளை ஆப்பிள் தன் சர்வர் வழியாகத் திருப்பிவிடுகிறது. உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண், கூகுளுக்குப் போகாது. பிரேவும் இதே போல நடுவில் தன் சர்வரை வைக்கிறது.

குரோமுக்குள்ளேயே இரண்டு குரோம்

பிரவுசர்களை ஒப்பிடும் பலர் விட்டுவிடும் விஷயம் இது. குரோமில் சேஃப் பிரவுசிங் செட்டிங்கில் ஸ்டாண்டர்டு, என்ஹான்ஸ்டு என்று இரண்டு நிலைகள் உண்டு. இரண்டாவது 2020 மே மாதம் வந்தது. அதை நாமாகப் போய்த்தான் போட வேண்டும். போட்டால், சந்தேகப்படும் பக்கத்தின் முகவரியோடு அந்தப் பக்கத்தின் மாதிரியையும் கூகுளுக்கு அனுப்பும். பட்டியலில் இன்னும் ஏறாத தளத்தைக்கூட அதன் முகஜாடையை வைத்துப் பிடிக்க முடிகிறது. கூகுள் கணக்கில் லாகின் செய்திருந்தால் இந்தத் தகவல் சிறிது காலம் அந்தக் கணக்கோடு சேர்த்தும் வைக்கப்படும். 2025 மே மாதம் வந்த குரோம் 137 முதல், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு அழையுங்கள்' வகைப் பக்கங்களை மெஷினிலேயே ஓடும் ஜெமினி நானோ என்ற கூகுளின் சிறிய ஏஐ மாடல் படித்துப் பார்க்கவும் தொடங்கியது.

எனக்கு என்ஹான்ஸ்டு பிடிக்கவில்லை. நான் எந்தப் பக்கத்தில் மேய்கிறேன் என்பதை ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மேலும் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அப்பாவின் போனை எடுத்து யோசித்தபோது கணக்கு மாறியது. அவர் போகும் தளங்கள் தினசரிப் பத்திரிகை, பஞ்சாங்கம், ரயில் டிக்கெட், வங்கி. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தரங்கம் என்பதை எல்லோருக்கும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கொள்கை பேசுகிறவன் நான், பணம் போனால் போவது அவருடைய ஓய்வூதியம்.

எட்ஜின் ஸ்மார்ட்ஸ்கிரீன் ஆரம்பம் முதலே சர்வரைக் கேட்கும் வழக்கம் உள்ளது. பிரபலமான தளங்கள் தவிர்த்த மற்ற முகவரிகள் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகும். அதாவது குரோமில் நாமாகத் தேடிப்போய் ஒப்புக்கொள்ள வேண்டியது இங்கே பெட்டியைத் திறக்கும்போதே இருக்கிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் நல்லது. அந்தரங்கம் என்று பார்த்தால், அதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

பரிசோதனை எண்களை எப்படிப் படிப்பது

எது எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று யாராவது அளந்திருப்பார்களே? அளந்திருக்கிறார்கள். அதில்தான் வேடிக்கை.

என்எஸ்எஸ் லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பல வருடங்கள் இதைச் செய்தது. 2017 சோதனையில் எட்ஜ் 92 சதவீதத்தைத் தடுத்தது. குரோம் 75க்குப் பக்கத்தில், ஃபயர்ஃபாக்ஸ் 61. அடுத்த வருடமே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 88, 87 என்று ஒட்டி வந்துவிட்டன. எட்ஜ் 93ஐத் தாண்டியது. அந்த நிறுவனம் 2020இல் மூடப்பட்டது.

பிறகு 2022இல் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான விச் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 800 ஃபிஷிங் தளங்களை வைத்துச் சோதித்தது. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ் 85 சதவீதம், குரோம் வெறும் 28. பத்திரிகைகள் எல்லாம் 'குரோம் தோல்வி' என்று போட்டுவிட்டன. கூகுளுக்குக் கோபம். இரண்டும் எங்கள் பட்டியலைத்தானே பார்க்கின்றன, எப்படி இவ்வளவு வித்தியாசம் வரும் என்று கேட்டது. நியாயமான கேள்வி. ஒரே குழாயில் பிடித்த தண்ணீர் ஒரு குடத்தில் உப்பாகவும் இன்னொன்றில் இனிப்பாகவும் இருந்தால், தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன் ருசி பார்த்தவரையும் விசாரிக்க வேண்டும். எந்த நேரத்தில் பிடித்தார், எத்தனை நிமிடம் கழித்துக் குடித்தார் என்று.

இந்தச் சோதனைகளில் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். எட்ஜ் எந்தச் சோதனையிலும் கீழே விழவில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எண்கள் ஆடுவதைப் பார்த்தால், அவை பிரவுசரின் தரத்தைவிடச் சோதித்த நொடியைத்தான் அதிகம் காட்டுகின்றன. மேலும் இவை எல்லாம் 2024 மாற்றத்துக்கு முந்தியவை. பழைய மார்க் ஷீட்டை வைத்து இன்றைக்கு வேலைக்கு ஆள் எடுப்பது போலத்தான்.

சதவீதத்தைவிட எனக்கு உபயோகமாக இருந்தவை அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற இரண்டு ஆய்வுகள். 2019இல் வெளியான முதலாவதில், ஒரு திடுக்கிடும் செய்தி இருந்தது. 2017 நடுவிலிருந்து 2018 கடைசி வரை சேஃப் பிரவுசிங்கை நம்பிய மொபைல் பிரவுசர்கள் எச்சரிக்கையே காட்டவில்லை. செட்டிங்கில் 'ஆன்' என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பாகும் பக்கம் போனில் சாதாரணமாகத் திறந்தது. ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வாளர்கள் சொன்ன பிறகு சரியானது.

2020இல் வந்த இரண்டாவது ஆய்வு, ஒரு ஃபிஷிங் வேட்டையின் முதல் இரையிலிருந்து கடைசி இரை வரை சராசரியாக 21 மணி நேரம் ஆகிறது என்று அளந்தது. முதல் ஆள் உள்ளே போன பிறகு தடுப்பு அமைப்புகள் கண்டுபிடிக்க எடுத்த சராசரி நேரம் 9 மணி. வந்தவர்களில் 7.42 சதவீதம் பேர் தகவலைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அந்த ஏழு பேரில் ஒருவராக ஆக வேண்டியவர். மூக்குக்கண்ணாடி காப்பாற்றியது.

10 நிமிடம், 21 மணி என்ற இரண்டு எண்களும் முட்டிக்கொள்வது போலத் தோன்றும். வேட்டை நாள் முழுக்க நடக்கும், அதற்குள் முகவரிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். அதோடு மறைப்பு வித்தையும் உண்டு. இந்திய மொபைல் இணைப்பிலிருந்து வருகிறவருக்கு மட்டும் கார்டு பக்கத்தைக் காட்டு, கூகுளின் சோதனை மெஷின் அமெரிக்காவிலிருந்து வந்தால் வெற்றுப் பக்கத்தைக் காட்டு என்று எழுதிவைப்பது பெரிய வேலை இல்லை.

எந்த பிரவுசரும் பார்க்காத வாசல்கள்

இங்கே நடக்கும் மோசடிகளில் பல, பிரவுசர் பக்கமே வருவதில்லை. 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழையுங்கள்' என்ற செய்தியில் லிங்க் இருக்காது, போன் நம்பர்தான் இருக்கும். போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு, நேராக போனில் ஏறிவிடும். அங்கே காவலுக்கு இருப்பது ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட். வெளியிலிருந்து இறக்கி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி போன்றவற்றைக் கேட்கிற ஆப்களைத் தடுக்கும் சோதனை முயற்சியை கூகுள் 2024 கடைசியில் இந்தியாவில் ஆரம்பித்தது.

வாட்ஸப்பில் வரும் லிங்க், போனில் எது டீஃபால்ட் பிரவுசரோ அதில் திறக்கும். அதனால் பாதுகாப்பான பிரவுசரை இறக்கிவைத்தால் மட்டும் போதாது, டீஃபால்ட்டாகவும் ஆக்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்குகள் அந்த ஆப்புக்குள்ளேயே திறந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் இப்படிப்பட்ட உள்பிரவுசர்கள் பலவற்றுக்கு அடிப்படையான பாகத்திலும் 2018 முதல் சேஃப் பிரவுசிங் உண்டு, ஆனால் நீங்கள் குரோமில் போட்ட என்ஹான்ஸ்டு அங்கே வராது.

பூட்டுச் சின்னம் பற்றி ஒரு வரி. பூட்டு இருந்தால் நல்ல தளம் என்று நானே ஒரு காலத்தில் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தப்பு. மோசடித் தளங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பூட்டு வந்துவிட்டதால் குரோம் 2023 செப்டம்பரில் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

பட்டியல் எதுவும் தேவைப்படாத ஒரு காவல் ஏற்கெனவே எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. பாஸ்வேர்டு சேமிக்கும் வசதி. அது தளத்தின் லோகோவையோ நிறத்தையோ பார்ப்பதில்லை, முகவரியை எழுத்துக்கு எழுத்துப் பார்க்கிறது. 2017இல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய மொழி முதலியவை எழுதப்படும் சிரிலிக் எழுத்துகளால் ஆப்பிள் பெயரில் ஒரு முகவரியைப் பதிவு செய்து காட்டினார். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அசலைப் போலவே தெரிந்தது, கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பாஸ்வேர்டு மேனேஜருக்கு மட்டும் அது வேறு தளம். பாஸ்வேர்டுக்குப் பதில் நம் போனோ கம்ப்யூட்டரோ சாட்சி சொல்லும் பாஸ்கீயும், கையில் வைத்துக்கொள்ளும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவியும் இன்னும் ஒரு படி மேல். கூகுள் தன் 85,000க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017இல் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு ஒருவருடைய அலுவலகக் கணக்குகூட ஃபிஷிங்கில் போகவில்லை என்று அடுத்த வருடம் சொன்னது.

ஆனால் அப்பா விஷயத்தில் கேட்டது கார்டு எண். சேமித்த கார்டை எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் நிரப்ப பிரவுசர் முன்வரும், அது முகவரியோடு கட்டப்பட்டதல்ல. அதனால் கார்டு கேட்கும் மோசடிக்குப் பட்டியலின் வேகம்தான் துணை. அதோடு வங்கி ஆப்பில் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அணைத்துவைக்கலாம். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி அந்த வசதி இருக்க வேண்டும். அன்றிரவே அணைத்தேன்.

என் முடிவு

அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் குரோம், என்ஹான்ஸ்டு நிலையில், டீஃபால்ட்டாக. சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கியது என்பதற்காக அல்ல. ஏற்கெனவே இருக்கிறது, பிளே ஸ்டோர் தானாகப் புதுப்பிக்கிறது, அவருக்குப் பழகியிருக்கிறது. புதிய பிரவுசர் ஒன்றைப் போட்டால் ஒரு வாரத்தில் பழையதைத் தேடிப் போவார், அதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் கடைக் கம்ப்யூட்டருக்கு எட்ஜ். ஸ்மார்ட்ஸ்கிரீன் அங்கே பிரவுசரோடு நிற்காமல், இறக்கிய கோப்பைத் திறக்கும்போதும் விண்டோஸுக்குள்ளிருந்து கேள்வி கேட்கும். முழுத்திரையை அடைத்துக்கொண்டு பயமுறுத்தும் பக்கங்களுக்கென்று தனித் தடுப்பும் 2025இல் வந்திருக்கிறது. ஆனால் அவரிடம் முதலில் செய்த வேலை பிரவுசர் மாற்றம் அல்ல, விண்டோஸ் 7ஐத் தூக்கியது. அதில் குரோம் 109க்கு மேல் ஏறாது, அது 2023 ஜனவரிச் சரக்கு. பழைய பிரவுசரில் எந்தப் பட்டியலைப் பற்றிப் பேசியும் பிரயோஜனமில்லை.

தங்கையின் ஐபோனில் சஃபாரியை அப்படியே விட்டேன். மோசடித் தள எச்சரிக்கை ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், இருந்தது.

எனக்கு ஃபயர்ஃபாக்ஸ், கூடவே யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்கள் வருவதால் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே சொன்னது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதில் யுபிளாக் ஆரிஜின் அங்கே நின்றுபோனது, இளைத்துப்போன லைட் வடிவம்தான் மிச்சம். அரை மணி நேரப் பழைய பட்டியலோடு வாழ எனக்குச் சம்மதம். வங்கி வேலைக்கு மட்டும் பாஸ்வேர்டு தானாக நிரம்பாவிட்டால் கை வைப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறேன்.

இதே விதியை அப்பாவுக்கும் சொல்லிவைத்தேன். சில மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. "வங்கி சைட்ல பாஸ்வேர்டு தானா வரலை. நீ சொன்ன மாதிரி ஒண்ணும் தொடாம உட்கார்ந்திருக்கேன்." முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். கடைசியில் பேங்க் டாட் இன் என்று முடிந்தது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளையும் மாறச் சொன்ன தனி முகவரி அது. ரிசர்வ் வங்கி அமைத்த, ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே அதைப் பதிவு செய்து தரும் என்பதால் மோசடிக்காரர் வாங்க முடியாது. தளம் அசல்தான், பெயர் மாறியதால் பாஸ்வேர்டு மேனேஜருக்கு அடையாளம் தெரியவில்லை. புது முகவரியில் ஒருமுறை கையால் அடித்துச் சேமிக்கச் சொன்னேன். சேமித்துவிட்டு, "அப்ப பழைய சைட்டை என்ன பண்றது?" என்றார். சனிக்கிழமை வந்து அழிக்கிறேன் என்றேன்.